நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள்

நம் பள்ளி ஆண்டு விழாவில் மேல் வகுப்பு மாணவியர் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் நகர வணிகன் நாடகத்திலிருந்து வழக்கு மன்றக் காட்சியை நடித்துக் காட்டியது பலருக்கும் நினைவிருக்கும். தாடி ஒட்டி ஷைலாக்காக வந்த மாணவி கத்தியைச் செருப்பின் அடியில் தீட்டியபோது முன் வரிசைக் குழந்தைகள் அலறியே விட்டனர். வழக்கறிஞர் அங்கியில் வந்த போர்ஷியா வழக்கைத் திருப்பிப் போட்டதும் எழுந்த கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. ஆனால் அதற்குப் பின் ஒன்று நடந்தது. யூதனான ஷைலாக் கிறிஸ்தவனாக மாற வேண்டும் என்று தீர்ப்பானபோது அவையில் சிரிப்பலை எழுந்தது. அந்தச் சிரிப்பின் நடுவே சிரிக்காத முகங்கள் சிலவற்றையும் நாம் கண்டோம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதே பேச்சுதான். ஞானஸ்நானம் என்பது ஒருவர் விரும்பிப் பெறும் அருள். அதை ஒரு மனிதனுக்குத் தண்டனையாகக் கொடுப்பதைப் பார்த்து, கத்தோலிக்கப் பள்ளி மேடையில் நாம் எப்படிக் கைகொட்டிச் சிரித்தோம்? இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு வயதான சகோதரி. எவரும் விடை சொல்லவில்லை.

அன்று மாலை விடுதியிலிருந்து மகளை அழைத்துப் போக வந்த ஒரு தாய், வேறொரு கேள்வியைப் போட்டார். அவர்களுக்கு ஊர், வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில், பிளவக்கல் அணைப் பக்கம். அந்தப் பெண்பிள்ளை அரை மணி நேரம் வாதாடியதற்கா இத்தனை கைதட்டல் என்று சிரித்தார் அவர். தங்கள் ஊர்ப் பொங்கலுக்கு வரும் நாடகத்தில் வள்ளி பரண்மேல் நின்றுகொண்டு முதலில் நாரதரோடும் பிறகு முருகனோடும் விடிய விடியத் தர்க்கம் செய்வாளாம். அந்த நாடகத்தை எழுதியவர் யாரென்று அவருக்கும் தெரிந்திருந்தது. நம் கோவில் திருவிழாக்களில் ஞானசௌந்தரி நாடகம் பார்த்து அழுதிருக்கிறோமே, அதை எழுதியவரும் அதே மனிதர்தான் என்று சொல்லி எங்களை வியப்பில் ஆழ்த்தினார். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுதுவது என்று அன்றே முடிவு செய்தோம்.

சுவாமிகளிடம் வருமுன் ஷேக்ஸ்பியரின் இலண்டனை ஒரு பார்வை பார்த்துவிடுவோம். இங்கிலாந்திலிருந்து யூதர்கள் 1290-ஆம் ஆண்டிலேயே விரட்டப்பட்டுவிட்டனர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, யூதரோடு பழகியறியாத மக்கள் கூட்டத்தின் முன்னால்தான் யூதனைக் கொடியவனாகக் காட்டும் நாடகங்கள் அரங்கேறின. ஷேக்ஸ்பியருக்குச் சற்று முன்னே மார்லோ என்பவர் மால்டா தீவின் யூதன் என்றொரு நாடகம் எழுதினார். அதில் பராபாஸ் என்னும் யூதனின் மகள் அபிகெயில், தந்தையின் கொடுமை பொறாமல் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடுகிறாள். தந்தையோ மடத்துக்கு நஞ்சிட்ட அரிசிக் கஞ்சியை அனுப்பி, மகளோடு கன்னியர் அனைவரையும் கொன்றுவிடுகிறான். அந்த நாடகம் துறவியரையும் விட்டுவைக்கவில்லை. அவர்களையும் பேராசைக்காரர்களாகக் காட்டி ஏளனம் செய்தது. அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கராய் இருப்பதே ஆபத்து. குருக்களை வீட்டில் மறைத்து வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, நீதிமன்றத்தில் வழக்காட மறுத்த மார்கரெட் கிளித்தரோ என்னும் இல்லத்தரசியை, யார்க் நகரில் 1586-ஆம் ஆண்டு பாரமேற்றி நசுக்கிக் கொன்றார்கள். 1970-இல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது. ஆக, இலண்டன் மேடையில் சிரிப்புக்கு ஆளானவர்களில் நம்மவரும் உண்டு.

ஷேக்ஸ்பியர் மார்லோவைவிட நெஞ்சில் ஈரம் உள்ளவர். ஷைலாக்குக்கும் வலிக்கும் என்பதை அவர் மறைக்கவில்லை. அவன் மகள் ஜெஸிக்கா ஆண் உடை அணிந்து, தந்தையின் பணப் பேழையையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். இறந்துபோன மனைவி தனக்குக் கொடுத்த மோதிரத்தை மகள் ஒரு குரங்குக்கு விலையாகக் கொடுத்துவிட்டாள் என்று கேட்டு அவன் துடிக்கும் இடம், கல்லையும் கரைக்கும். ஆனாலும் முடிவில் அவனை மதம் மாற்றித்தான் நாடகம் மகிழ்ச்சி அடைகிறது. மனச்சான்றை வற்புறுத்தலாகாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததைப் படித்த நாம், அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள இயலாது.

இனி நம் நாட்டு நாடகாசிரியரிடம் வருவோம்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் தேர்ந்தவர். மகனுக்கு முதல் ஆசான் அவரே. பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பிலக்கணம் பயின்றார். வெண்பாவும் விருத்தமும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தன. வயிற்றுப்பாட்டுக்கு உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். அந்தக் கணக்கப்பிள்ளை வேலையிலேயே காலந்தள்ளியிருந்தால், நம் கிராமங்களில் பொங்கல் இரவுகள் எப்படிக் கழிந்திருக்குமோ தெரியாது.

இருபத்து நான்காம் வயதில் வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். அக்காலத்தில் நாடகக்காரன் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள். கூத்தாடி என்பது ஒரு வசைச்சொல். மேடையேறும் பெண்களின் நிலை அதைவிட மோசம். சுவாமிகள் திருமணமே செய்துகொள்ளவில்லை. நல்ல உயரமும் கணீரென்ற குரலும் கொண்ட அவருக்கு இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்களே பெரும்பாலும் கிடைத்தன.

அந்த வேடங்களே அவரை மேடையிலிருந்து இறக்கின என்று சொல்வார்கள். சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாசக் கயிற்றை வீசி ஆர்ப்பரித்ததைக் கண்டு, கூட்டத்தில் இருந்த ஒரு கருவுற்ற பெண்ணுக்கு அங்கேயே கருச்சிதைவு ஏற்பட்டதாம். மற்றொரு முறை, நளதமயந்தி நாடகம் முடிந்து விடியற்காலையில் சனீசுவரன் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, துணி வெளுக்க வந்த பெண் ஒருத்தி அவரைக் கண்ட அதிர்ச்சியில் மாண்டுபோனாளாம். நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்திகள் இவை. தம் கலை இரண்டு பெண்களுக்குக் கேடாயிற்றே என்று மனம் நொந்து அவர் அரிதாரத்தைத் துறந்தார் என்பார்கள். அதன்பின் நாடகம் எழுதுவதும் பயிற்றுவிப்பதுமே அவர் வேலையாயிற்று.

நடுவே சில காலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தலயாத்திரை போனார். காவி உடுத்த அந்த நாளிலிருந்துதான் சுவாமிகள் என்ற பெயர் நிலைத்தது. அப்படிச் சுற்றி வந்தவரைப் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை தம் பிள்ளையாகவே பாவித்து வைத்துக்கொண்டார். தாள நுட்பங்கள் சுவாமிகளுக்கு அங்கேதான் வசப்பட்டன. வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர் ஆகியோரின் நாடக சபைகளிலும் அவர் ஆசிரியராக இருந்தார். இந்தப் பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். மீசை முளைத்த ஆண்கள், தாம் ஏற்ற பெண் வேடத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் பெருமையோடு சூட்டிக்கொண்டார்கள்! இலண்டனிலும் 1660 வரையில் பெண் வேடங்களை ஆண்பிள்ளைகளே தாங்கினர். போர்ஷியா என்பவள் உண்மையில் ஒரு சிறுவன். அச்சிறுவன் பெண்ணாகி, அப்பெண் மறுபடி ஆண் வழக்கறிஞராக வேடம் புனைந்தாள்.

சுவாமிகள் எழுதிய நாடகங்கள் ஏறத்தாழ நாற்பது என்பர். அவற்றுள் பல இன்று கிடைக்கவில்லை. கிடைப்பவற்றையும் மேடையில் நிலைத்தவற்றையும் பார்த்தால் ஒரு செய்தி பளிச்சென்று தெரிகிறது. வள்ளி, சாவித்திரி, அல்லி, பவளக்கொடி, கண்ணகி, சுலோசனை என்று கதையைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் வாயடைத்து நிற்பவர்களும் அல்லர்.

சாவித்திரியை எடுத்துக்கொள்வோம். கணவனின் உயிரைக் கவர்ந்து செல்லும் எமனைத் தொடர்ந்து போகிறாள். அழுது மன்றாடி மட்டும் அவள் வெல்லவில்லை. மாமனாருக்குக் கண்ணும் நாடும் வாங்குகிறாள். பிறகு தனக்கு நூறு மக்கள் வேண்டும் என்று வரம் கேட்கிறாள். யோசியாமல் கொடுத்துவிட்ட எமன், கணவன் இல்லாமல் மக்கள் எப்படி என்ற வலையில் வகையாகச் சிக்குகிறான். எமனாக ஊரை நடுங்க வைத்த மனிதரே, அந்த எமனை ஒரு பெண்ணின் அறிவுக்கு முன்னால் தோற்று நிற்க வைக்கும் நாடகத்தையும் எழுதினார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

கோவலன் நாடகத்தில் கண்ணகியும் ஒரு வழக்காடுகிறாள். போர்ஷியா நீதிமன்றம் ஏற ஆணுடை தேவைப்பட்டது. தன் பெயரை மறைக்க வேண்டியிருந்தது. கண்ணகி தலைவிரி கோலமாய், இன்னாருடைய மனைவி என்று சொல்லிக்கொண்டே பாண்டியனின் அவைக்குள் நுழைகிறாள். கையில் ஒற்றைச் சிலம்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆண்டு விழாவுக்கு வழக்கு மன்றக் காட்சி வேண்டுமென்று கடல் கடந்து தேடிய நாம், மதுரையை மறந்துவிட்டோமே!

அல்லியின் கதை வேறு. ஆண்களின் வாடையே ஆகாது என்று மதுரையில் தனியரசு நடத்துகிறவள் அவள். அவள் கொலு வீற்றிருக்கும் காட்சிகள் கண்கொள்ளாதவை. ஆனால் அர்ச்சுனன் வஞ்சகமாக, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுவதாக வரும் முடிவு நமக்கு உடன்பாடில்லை. பழைய கதை அப்படி. சுவாமிகள் அதை மாற்றவில்லை. மாற்றியிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

இனி ஞானசௌந்தரி. நம் பெற்றோர்களுக்கு இக்கதை நன்கு தெரியும். சிற்றன்னையின் பொறாமையால் காட்டுக்கு அனுப்பப்பட்டு, இரு கைகளும் வெட்டப்படும் அரசகுமாரி. அந்நிலையிலும் அவளை விரும்பி மணக்கும் இளவரசன். அவன் போருக்குப் போயிருக்கும் வேளையில் கடிதங்களை மாற்றி எழுதி மீண்டும் அவளைக் காட்டுக்குத் துரத்தும் சூழ்ச்சி. முடிவில் தேவமாதாவின் அருளால் கைகள் மீண்டும் தழைக்கின்றன. கைகள் இழந்த மங்கையின் கதை ஐரோப்பாவில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மொழிக் காவியமாகப் பாடப்பட்டது. தமிழ்க் கத்தோலிக்கரிடையே அது அம்மானையாக வழங்கிற்று. அதை எடுத்து நாடகமாக்கியவரோ திருநீறு பூசிய முருக பக்தர்.

இங்கேதான் நம் ஆண்டு விழாச் சிரிப்பு மறுபடி நினைவுக்கு வருகிறது. தம்முடையதல்லாத சமயத்தைச் சேர்ந்த ஒருத்தியைப் பற்றி எழுதும்போது, சுவாமிகள் அவளைக் கேலிப் பொருளாக்கவில்லை. அவளுடைய தெய்வத்தைக் குறைத்துத் தம் தெய்வத்தைக் கூட்டவில்லை. நாடக முடிவில் அவளை வேறு சமயத்துக்கு இழுக்கவும் இல்லை. அவள் தேவமாதாவிடமே வேண்டுகிறாள், தேவமாதாவே வருகிறாள். வள்ளிக்காக முருகன் வந்ததைப் பார்த்த அதே கூட்டம் மறுநாள் வந்து, ஞானசௌந்தரிக்காக மாதா வருவதையும் பார்த்தது.

தமிழர் எல்லோரும் எக்காலத்திலும் இப்படிப் பரந்த மனத்தோடு இருந்தார்கள் என்று நாம் பெருமையடித்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் பழைய சமயக் கதைகளில் சமணர்கள் பட்டபாடு ஷைலாக் பட்டதற்குக் குறைந்ததன்று. அதனால்தான் சுவாமிகள் செய்தது பெரிதாகத் தெரிகிறது. 1910-இல் அவர் தொடங்கிய குழுவின் பெயரே சமரச சன்மார்க்க நாடக சபை. வள்ளலார் 1865-இல் நிறுவிய சங்கத்தின் பெயரை அது நினைவூட்டுகிறது. பிற்காலத்தில் தமிழகமே வியந்த பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா சிறுவனாக அச்சபையில் பயின்றவர்.

ஞானசௌந்தரியைப் பற்றி எங்களுக்குள் ஒரு சிறு கருத்து வேறுபாடும் உண்டு. அவள் எதிர்த்து ஒரு சொல் சொல்லாமல் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்கிறாளே, சாவித்திரியைப் போல் வாதாடக் கூடாதா என்று மாணவியர் சிலர் கேட்டனர். நாமும் சாவித்திரி கட்சிதான். ஆனால் வயதான சகோதரி ஒத்துக்கொள்ளவில்லை. கைகளை வெட்டியவர்களைச் சபிக்க மறுப்பதும் ஒருவகை எதிர்ப்பே என்பது அவர் எண்ணம். 1948-இல் இக்கதை திரைப்படமாக வந்தபோது எம். வி. ராஜம்மா ஞானசௌந்தரியாக நடித்தார். தயாரித்தவர் ஜோசப் தளியத், இயக்கியவர் எஃப். நாகூர் என்னும் இஸ்லாமியர். முருக பக்தர் மேடையேற்றிய மாதா பக்தையின் கதை, இப்படி மூன்றாவது சமயத்தார் ஒருவர் கையிலும் தவழ்ந்தது.

மேடைக்குப் பின்னால் இருந்த தப்பெண்ணங்களை மட்டும் சுவாமிகளின் பாட்டுகளால் ஒழிக்க முடியவில்லை. நம் பக்கத்துச் சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாத தாஸ், சுவாமிகளின் நாடகங்களில் முருகனாக வந்து, தேசபக்திப் பாடல்கள் பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காகவே, அவரோடு வள்ளியாக நடிக்க மாட்டோம் என்று நடிகையர் சிலர் மறுத்துவிட்டனர். வேட்டுவர் வீட்டுப் பெண்ணைத் தேடி முருகன் வருவதுதான் அந்த நாடகத்தின் கதை! 1940 டிசம்பர் 31-ஆம் நாள் சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே தாஸ் உயிர் நீத்தார்.

சுவாமிகளின் இறுதிக் காலத்துக்கு வருவோம். பெரிய நடிகர்களின் ஒழுங்கீனத்தால் சலித்துப்போன அவர், சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்துவதில் இறங்கினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் சொல்வார்களே, அந்த வகை. அங்கே சேர்ந்த டி. கே. எஸ். சகோதரர்களில் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அச்சிறுவனுக்காகவே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை, பாட்டும் உரையாடலுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார். எழுதத் தொடங்கினால் அடித்தல் திருத்தல் இல்லாமல் வரும் என்பார்கள். அந்தச் சண்முகம்தான் பிற்காலத்தில் கிழவி வேடம் புனைந்து ஔவை சண்முகம் என்று புகழ்பெற்றவர். ஒரு மாணவன் பெண்பாற் புலவராக நடித்து, அப்பெயரையே பட்டமாகச் சுமந்தான்.

அந்தச் சிறுவர்களை எண்ணும்போது நமக்கு வருத்தமும் உண்டாகிறது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ஊர் ஊராகப் போய் இரவெல்லாம் விழித்து நடித்தார்கள். வீட்டு வறுமை அவர்களை அங்கே அனுப்பியது. பாடமாக அவர்களுக்குக் கிடைத்தது சுவாமிகளின் தமிழ். அது சிறந்த பாடம்தான். ஆயினும் விளையாட்டுப் பருவம் திரும்பி வராது.

1921-இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. ஒரு கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. வள்ளிக்கும் சாவித்திரிக்கும் அத்தனை சொற்களைக் கொடுத்தவருக்கு ஒரு சொல் மிஞ்சவில்லை. அப்போதும் அவர் சபையை விட்டுப் போகவில்லை. சபையாரும் அவரை விடவில்லை. போகும் ஊருக்கெல்லாம் உடன் அழைத்துச் சென்றனர். 1922 நவம்பர் 13-ஆம் நாள், புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, அவர் உயிர் பிரிந்தது. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

நாடகங்களோ இன்னும் முகாம் கலையவில்லை. ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட், வேறொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், மற்றோர் ஊரிலிருந்து பபூனும் ஆர்மோனியக்காரரும் வந்து சேர்கிறார்கள். ஒத்திகை இல்லாமலேயே வள்ளி திருமணம் நடக்கிறது. சுவாமிகளின் பாட்டு எல்லோருக்கும் பொதுப் பாடமாக இருப்பதால்தான் அது முடிகிறது. ஸ்பெஷல் நாடகம் என்று இதற்குப் பெயர்.

பிளவக்கல் பக்கத்துத் தாய் நம்மை மறக்கவில்லை. ஊர்ப் பொங்கல் நோட்டீசை மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். இரவு பத்து மணிக்கு வள்ளி திருமணம். அந்நேரத்துக்கு மேல் திரும்பி வரப் பஸ் கிடையாது, தங்கள் வீட்டிலேயே தங்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியைகள் மூவர் பெயர் கொடுத்தாயிற்று. நான்காவதாகப் பெயர் கொடுத்திருப்பவர் அந்த வயதான சகோதரி. விடியும்வரை விழித்திருக்க முடியுமா என்று கேட்டதற்கு, வள்ளியின் தர்க்கம் முடியுமட்டும் தாம் தூங்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.